“அப்பா என்ன பண்றார்?”

வேலைக்குப் போகிறவர் முதலாளியின் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரிதான். அச்சரப்பாக்கத்திலிருந்து மறைமலை நகருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் ஃபைலோடு கிளம்பும் நாம் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இவன் நேரத்துக்கு வருவானா, மூன்றாம் மாதமே நின்றுவிடுவானா என்ற கவலை எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உண்மையாகவே உண்டு.

ஆனால் அவருடைய பார்வையில் இவை மட்டும்தானா இருக்கின்றன? நாங்கள் போன நேர்காணல்களில் படிப்பைப் பற்றி இரண்டு கேள்வி வந்தால், அப்பா என்ன பண்றார், ஊரில் எந்தத் தெரு என்று நான்கு வரும். கேட்டவர் சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரப் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசினார்கள். தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்றார்கள் அந்த மேலாளர்கள். கூடவே, குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றும் கூச்சமில்லாமல் சொன்னார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை நல்ல ஊழியனாக இருப்பான் என்பது அவர்கள் கணக்கு. சாதி என்ற சொல்லே அங்கு தேவைப்படவில்லை! அதே ஆண்டு வெளியான சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆய்வு இன்னும் நேரடியானது. 66 வாரங்கள், 548 வேலை விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. அழைப்பு வருவதற்கான வாய்ப்பு விகிதம் உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

முதலாளியின் பார்வை என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை வாசியுங்கள். பண்ணையாள் குடியிருக்கும் மனைக்கட்டு மிராசுதாரர் கையில் இருந்தது. எதிர்த்தால் குடிசை போய்விடும். இவர்களுக்கு நிலம் கிடைத்தால் நம் வயலுக்கு ஆள் யார் வருவார் என்பது மிராசுதாரரின் நியாயம். அவர் இடத்திலிருந்து யோசித்தால் அதுவும் நியாயமாகத்தானே தெரியும்?

வேலைவாய்ப்பில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலையை மட்டுமே பேசுகிறது. தனியார் கம்பெனியின் நேர்காணல் அறைக்குள் அது வராது. இந்த ஓட்டை அடைபடும்வரை நாமும் வேலைக்குப் போயாக வேண்டுமே.

அதனால் தம்பி தங்கைகளே, ஐ.டி.ஐ.யில் எந்த மெஷினில் எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்பதை ரெஸ்யூமின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அவர் தேடுவது அதைத்தான். அப்பாவைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், குரலையும் தாழ்த்த வேண்டாம். “விவசாயக் கூலி சார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, “இங்கே எந்த மெஷின் சார் ஓடுது?” என்று நீங்கள் கேளுங்கள். வெளியே வந்ததும் தேதி, கேட்டவரின் பதவி, கேட்ட கேள்வி மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். தனியார் துறைக்கும் சட்டம் கேட்டு நாம் போகும்போது, எங்கே ஆதாரம் என்பார்கள்.