காகிதம் அசையக் கூடாது

கண்டக் நதி கங்கையில் கலக்கும் பீகாரின் சோன்பூர். கார்த்திகைப் பௌர்ணமி மேளாவுக்கு இன்னும் மூன்று நாள். பலூன் பலகையை நிறுத்திவிட்டுக் கவலையோடு உட்கார்ந்திருந்தார் அந்தக் கடைக்காரர். வயது 50க்கு மேல். மூன்று ஏர் ரைஃபிள்கள்தான் சொத்து. அதில் ஒன்று திடீரெனச் சோர்ந்துவிட்டது. குண்டு பலூனில் பட்டாலும் வெடிப்பதில்லை.

"குழலை வளைச்சு வெச்சிருக்கியா, சாச்சா?" என்று சிரித்தான் ஒரு பையன். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. பலூன் கடைக்காரர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. 20 வருடங்களாக அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதவர் அவர்.

முதலில் ஸ்பிரிங்கைச் சந்தேகித்தார். மாற்றியும் பலனில்லை. பிறகு, குழல் மடங்கும் இணைப்பின் மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, குண்டு போட்டுப் பலகையைச் சுட்டார். காகிதம் பறந்தது. நோய் புரிந்துவிட்டது.

விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு, பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்குகிறது. அந்தக் காற்று முழுவதும் குண்டைத் தள்ள வேண்டுமானால், குழலின் வாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இறுக்கமாக உட்கார வேண்டும். அது நசுங்கி, வெடித்துப் போயிருந்தது.

ரப்பர்தானே என்று சைக்கிள் டியூபை வெட்டி ஒரு வளையம் செய்து மாட்டினார். தாராளமாக எண்ணெயும் விட்டார். முதல் நாள் ஜோராகச் சுட்டது. இரண்டாம் நாள் குழல் பூட்டவே மறுத்தது. சாதாரண ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பிவிட்டது.

மறுநாள் பௌர்ணமி. டீசல் பம்பு ரிப்பேர் கடைக்கு ஓடினார். மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி அளவைப் பற்றியதல்ல. "எண்ணெய் படுமா?"

"படும்."

கறுப்பு நைட்ரைல் வளையங்கள் மேஜைக்கு வந்தன. எண்ணெயோடு பழகிய ரப்பர். பழைய வளையத்தை அளக்கப் போனவரை மெக்கானிக் தடுத்தார். "நசுங்கினது பொய் சொல்லும் சாச்சா. பள்ளத்தை அளங்க." உள்விட்டம் ஒன்று, தடிமன் ஒன்று என இரண்டு அளவுகள். முதல் வளையம் பள்ளத்துக்குள் அமிழ்ந்தது, காற்று கசியும். இரண்டாவது தடித்தது, குழல் மூடவில்லை. மூன்றாவது விளிம்புக்கு மேல் மயிரிழை எட்டிப் பார்த்தது. அதுதான் சரி.

புறப்படும்போது ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது: "எண்ணெயைக் கொட்டாதீங்க. அழுத்தினா காற்று சூடாகும். எண்ணெய் உள்ளே பத்திக்கும், டீசல் எஞ்சின் மாதிரி."

அன்று மாலை காகிதம் அசையவில்லை. பலூன் வெடித்தது.

குண்டு டப்பாவுக்குள் இப்போது சில காகிதத் துண்டுகளும் இருக்கின்றன. தினமும் கடை திறந்ததும் முதல் குண்டு அவருடையது. அதற்குப் பிறகு குறி தவறினால் சுடுபவரின் கைதான் காரணம். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. ரொம்பவும் முகம் வாடினால், ஒரு குண்டு இலவசம்.