மலையும் ஏலக்காயும் போதும்

போடிநாயக்கனூரில் பிள்ளைகளுக்குப் பென்சில் ஓவியம் சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மேற்கே மலை. காலை வெயில் சரிவுகளில் நேராக விழும். பாறையும் மடிப்பும் துலக்கமாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது அதே சரிவு முழுக்க நிழலாகிவிடும். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை. தூரத்து முகட்டை மெல்லிய கோட்டிலும் பக்கத்துக் குன்றை அழுத்தியும் வரைந்தால் தாளில் தொலைவு வந்துவிடும்.

அடுத்த பாடம் ஏலக்காய். மூன்று பட்டையான காய். ஒரு பக்கம் வெளிச்சம். அதைத் தாளின் வெள்ளையாகவே விடச் சொல்வேன். நடுத்தர நிழலுக்கு எச்பி பென்சில், இருண்ட பக்கத்துக்கு அதைவிடக் கறுப்பான 4பி. பென்சில் முனையில் களிமண் குறைந்து கிராஃபைட் கூடினால் கோடு கறுக்கும். 1795-இல் பிரான்சில் கான்டே என்பவர் காப்புரிமை பெற்ற கலவை அது. விரலால் தேய்த்து நிழல் பூசுவதை ஆரம்பத்தில் அனுமதிக்க மாட்டேன். கோடு கோடாக அடுக்கும்போதுதான் அழுத்தம் கைக்குப் பழகும்.

பள்ளிகளிலோ ஓவியத்தின் நிலை வேறு. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காகத் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். இந்தப் பாடங்களுக்கு நாம் தரும் மதிப்பு அவ்வளவுதான்.

தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, ஓவிய வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு பொருளைப் பொறுமையாக உற்றுப் பார்க்கப் பிள்ளை கற்றுக்கொள்ளும் நேரம் அது.