அம்மன் பந்தலில் ஒரு கிளப் குரல்

எல். ஆர். ஈஸ்வரியைப் பற்றி மலேசியாவின் பீடோர் பக்கம் புழங்குகிற கதை ஒன்றுதான். சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், வாய்ப்புக் குறைந்தது, மனம் திரும்பி மாரியம்மனிடம் வந்துவிட்டார். ஆடி பிறந்தால் தாப்பாவிலிருந்து சுங்கை வரை கோயில் ஸ்பீக்கர்களில் ஒலிப்பது அந்தக் குரல்தான் என்பதால், கதையும் எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பாவம் செய்தவள் திருந்தினாள் என்ற பழைய அச்சில் வார்த்த கதை இது. பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த அம்மன் பாட்டுகள் எங்கிருந்து முளைத்தன என்று தேடப் புறப்பட்டது இதனால்தான்.

கேசட்டிலிருந்து தொடங்கியது தப்புக் கணக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து லயங்களுக்குள் நுழைந்த கேசட்டுகளில் நகல்கள் ஏராளம்; 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு முன்பு கெடுபிடியும் குறைவு. உறையில் சூலம் இருக்கும், வேப்பிலை இருக்கும், எலுமிச்சை மாலைகூட இருக்கும், ஆண்டு இருக்காது. பம்பை அடித்தவர் யார், ஆர்கன் வாசித்தவர் யார் என்ற பேச்சே கிடையாது. நகலுக்கு நகல் எடுத்ததில் சுருதிகூட அரைக் கட்டை ஏறியோ இறங்கியோ கிடக்கும். இதை வைத்துக் காலத்தைக் கணிப்பது ஆகாத வேலை. கேசட்டைக் கீழே வைத்துவிட்டுச் சினிமாப் பக்கமிருந்து எண்ணினேன்.

அங்கேதான் கதை உடைகிறது. 1974இல் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் பாடிய ஈஸ்வரிக்குச் சினிமா அப்போது கதவடைத்திருக்கவில்லை. அம்மன் பாட்டு இசைத்தட்டுகளும் அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தவையே. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து ஒரே காலத்தில் வந்தன. நடுவில் மனமாற்றத்துக்கு இடமில்லை. வாய்ப்புக் குறைந்தது உண்மை, ஆனால் பிறகு. 1982இல் ‘மூன்றாம் பிறை’யிலும் ‘சகலகலா வல்லவ’னிலும் சில்க் ஸ்மிதா ஆட, பாடியது எஸ். ஜானகி. அதாவது, திரையில் கிளப் பாட்டு கைமாறிய அதே காலத்தில், ஈஸ்வரியின் கிளப் குரல் பீடோரில் ஓயாமல் கேட்ட இடம் அம்மன் கோயில்.

அது கிளப் குரலே இல்லை, உடுக்கைப் பாட்டு மரபு என்று மறுப்பவர்கள் உண்டு. தாளத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். குரலைப் பொறுத்தவரை முடியாது. 1969இல் வந்த ‘சிவந்த மண்’ படத்தின் சாட்டையடிப் பாட்டைக் கேளுங்கள். சவுக்கு விழுகிறது, ஒரு அலறல், மூச்சு அறுபடுகிறது, அடுத்த அடி பிசகாமல் சுருதியில் வந்து உட்காருகிறது. வலியையும் மிதப்பையும் ஒரே மூச்சில் வைத்துப் பாடும் இந்த வித்தைதான் அம்மனைக் கூப்பிடும்போதும் வருகிறது. சாட்டையும் நம் கோயில்களுக்குப் புதிதல்ல. 1972இன் ‘வெள்ளி விழா’வில் மைக்கை ஒட்டி ரகசியம்போலப் பாடியவருக்கு, எங்கே குரலைத் தாழ்த்திக் கெஞ்ச வேண்டும், எங்கே எடுத்து அதட்ட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்: அது அலுங்காத குரல், விடிகாலைப் பூஜை அறைக்கு உரியது. ஈஸ்வரியின் குரலுக்கு எதிரே கூட்டம் இருந்தாக வேண்டும்.

அந்த மினுக்கும் அதிகப்படியும் பக்திக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. தீமிதிக்கு நிற்பவரிடம் அளவோடு உருகு என்று யார் சொல்வார்? அருள் வருவதே அளவு மீறும்போதுதான். கிளப் பாட்டில் மலிவு என்று ஒதுக்கப்பட்ட அந்த மீறலைத்தான் பம்பையும் உருமியும் கேட்டன. லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற கத்தோலிக்கப் பெண் அதைத் தந்தார். மாரியம்மன் மதம் பார்க்கவில்லை. பிற்பாடு 2011இல், எழுபதைத் தாண்டிய வயதில், ‘ஒஸ்தி’ படத்துக்காக மல்லிகா ஷெராவத்தின் ஆட்டத்துக்குப் பாடினார். அதற்காக எந்தக் கோயிலும் ஸ்பீக்கரை நிறுத்தியதாகக் கேள்விப்பட்டதில்லை.