கையும் மருந்தும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தனர். பள்ளிப் பருவத்தில் இதனை நெட்டுருச் செய்த காலத்து, நான்காம் கூறு எதன்பொருட்டுச் சேர்க்கப்பட்டதென யாம் எண்ணிப் பார்த்ததில்லை. வைத்தியரும் மருந்தும் இருப்பின் நோய் நீங்கும். அருகிருப்போன் வெந்நீர் எடுத்துக் கொடுப்பான். அவ்வளவே எனக் கருதியிருந்தோம். எம் தந்தையார் இருபத்து மூன்று நாள் வைத்தியசாலையிற் கிடந்தபோது அக்கருத்து அடியோடு மாறிற்று.

மழைக்காலத்து ஓரிரவில், கூடத்துத் தரையிற் பாய் விரித்து உறங்கிய தந்தையாரைக் கட்டுவிரியன் தீண்டிற்று. கடிவாயில் வலியும் வீக்கமும் இன்மையால் விடியுமளவும் ஒருவரும் அறிந்திலர். விடியலில் அவர் இமைகள் மூடிக்கொண்டன, நாத் தடுமாறிற்று, மூச்சுத் தளர்ந்தது. நகரத்து வைத்தியசாலை ஒன்றில் விஷமுறி மருந்து செலுத்தி, தொண்டை வழியே குழாயிட்டு, வெண்டிலேட்டர் என்னும் சுவாச யந்திரத்தோடு இணைத்தனர். நான்காம் நாள் கண்திறந்து எம்மை நோக்கினார். விஷம் இறங்கிற்று, இனி அச்சமில்லை என ஊருக்குச் செய்தி அனுப்பினோம்.

ஐந்தாம் நாள் சுரம் கண்டது. குழாய் வழி வந்த சளி சீழ்போல் ஆயிற்று. இரத்தத்திற் பிராணவாயு குறைந்தது. எக்ஸ்ரே படத்தில் வலப்புற நுரையீரலின் அடியில் வெண்ணிழல் படிந்திருந்தது. "தம்பி, இஃது இங்கே வந்து பற்றிய நிமோனியா" என்றார் வைத்தியர். சேர்ந்து 48 மணி நேரம் கழித்துத் தோன்றும் நிமோனியாவை வைத்தியசாலை நிமோனியா என வேறு பிரித்து வழங்குவர். அதனை விளைக்கும் கிருமிகளுட் பல, மருந்துகளின் நடுவே வாழ்ந்து பழகி அவற்றை எதிர்க்கும் வலிமை பெற்றவை. வைத்தியர் சளியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மெரோபெனம் என்னும் மருந்தைத் தொடங்கினார். அவ்விடத்தில் உலவும் கிருமிகளைக் கருதி முதலில் மருந்திடுதலும், சோதனை முடிவு கண்டு அதனை மாற்றுதலும் சுருக்குதலும் நிறுத்துதலுமே இந்நோய்க்குரிய சிகிச்சை முறையாம்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. கிருமியின் பெயர் அசினிட்டோபாக்டர் பௌமானியை. மெரோபெனமும் பிறவும் அதன்முன் பயனற்றன. எஞ்சியது கொலிஸ்டின் ஒன்றே. அம்மருந்து 1950-களில் வழக்கிற்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுத்தலால் 1970-களிற் பெரும்பாலும் கைவிடப்பட்டது. பிற மருந்துகள் தோற்றபின் மீண்டும் அழைக்கப்பட்டது. "ஐயா, நிலத்தை விற்றேனும் பணம் கட்டுவோம், இரண்டு மருந்தையும் சேர்த்தே கொடுங்கள்" என்று வேண்டினோம். அவர் பொறுமையுடன் விளக்கினார். இஸ்ரேல், கிரேக்கம், இத்தாலி ஆகிய நாடுகளில் 406 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சி 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவருட் பெரும்பாலோரைப் பற்றியது இக்கிருமியே. கொலிஸ்டினோடு மெரோபெனத்தைச் சேர்த்தமையால் மிகுந்த நன்மை ஒன்றும் காணப்படவில்லை. மருந்து மிகுந்தாற் குணமும் மிகும் என்னும் எம் எண்ணம் அன்று உடைந்தது.

அன்று மாலை தந்தையாரின் நெற்றியைத் தொடப்போன எம் கையைச் செவிலி அம்மையார் தடுத்தார். "கழுவாத கையால் ஐயாவைத் தொடாதீர்கள், தம்பி. இக்கிருமி கட்டிற் கம்பியிலும் குழாயிலும் பல நாள் உயிரோடிருக்கும், கைவழியே அடுத்த படுக்கைக்குச் செல்லும்" என்றார். எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. மூன்றாம் நாள் அடுத்த கட்டிலில் இருந்த முதியவரின் போர்வை நழுவிற்று. அருகில் ஒருவரும் இன்மையால் யாமே எடுத்துப் போர்த்தி, அவர் கையைச் சிறிது நேரம் பற்றியிருந்து, அவ்வாறே திரும்பித் தந்தையாரின் வாயைத் துடைத்தோம். அம்முதியவரும் நெஞ்சிற் சளி கட்டியே இறந்தார். கிருமியைக் கொணர்ந்தது எவர் கை என அறிய வழியில்லை. எம் கையாகவும் இருந்திருக்கலாம். இதனை அம்மையாரிடம் ஒளியாது உரைத்தோம். அவர் கடிந்திலர். "இனிக் கழுவுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அருகிருப்போன் கடமை இன்னதென விளங்கிற்று. தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்துளதா என நோக்குதல், வாயைத் தூய்மையாக வைத்தல், தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகழுவுதல் ஆகிய இவற்றைச் செவிலியர் பணித்தவாறு செய்தோம். குழாயை நீக்கலாகுமா என வைத்தியர் நாள்தோறும் சோதித்தார். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு வாயிலன்றோ!

கொலிஸ்டின் தொடங்கிய ஏழாம் நாள். சுரம் தணிந்து மூன்று நாள் ஆயிருந்தது. ஆயினும் படத்தில் நிழல் மாறவில்லை. சிறுநீரகத்தின் நிலை காட்டும் கிரியேட்டினின் 1.0-இலிருந்து 2.3-க்கு ஏறியிருந்தது. மருந்தை நிறுத்தப் போவதாக வைத்தியர் கூறவே, இன்னும் ஒரு வாரம் வேண்டுமென மன்றாடினோம். "நிழல் மறையப் பல வாரம் ஆகும். நாம் சிகிச்சை செய்வது நோயாளிக்கு, படத்துக்கு அன்று" என்றார். இந்நோய்க்கு ஏழு நாள் மருந்து போதும் என 2016-ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிமுறையும் கூறுகின்றது. அவ்விரவு யாம் உறங்கவில்லை. தந்தையாரைக் கைவிட்டனர் என வைத்தியரை மனத்துள் வைதோம். சுரம் திரும்பவில்லை. நான்கு நாளிற் குழாய் நீங்கியது. தந்தையார் கம்மிய குரலில் முதற்கண் கேட்டது, அடுத்த கட்டிற் பெரியவர் எங்கே என்பதே.

நிற்க. மருந்தைக் குறைவாக உண்டு கிருமிக்கு எதிர்ப்பைக் கற்பித்தல் ஆகாதென, பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945-ஆம் ஆண்டிலேயே நோபெல் சொற்பொழிவில் எச்சரித்தார். இந்திய அரசினர் 2014-ஆம் ஆண்டு முதல் இத்தகைய மருந்துகள் பலவற்றின் விற்பனையைக் கடுமையாக்கினர்; 2019-இல் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடுத்தனர். ஆயினும் எம் வீட்டு அலமாரியில் இரண்டு நாள் உண்டு நிறுத்திய மாத்திரைகள் எத்தனை கிடந்தன! வைத்தியரைக் கேளாது வாங்கியவையும் அவற்றுள் இருந்தன.

இப்பொழுது எம் வீட்டுத் திண்ணையிற் செம்பு நீரும் சோப்பும் இருக்கின்றன. தந்தையாரைக் காண வந்த உறவினர் முதலில் நகைத்தனர்; பின்னர்க் கழுவினர். நண்பர்காள், நான்காம் கூறாக நிற்கும் நாள் நம்முள் ஒவ்வொருவர்க்கும் வரும். அன்று அன்போடு அருகிற் செல்வோம். கைகழுவிய பின்னரே செல்வோமாக.