கல்லும் கண்ணாடிக் கதவும்



பள்ளிக்கூட வாத்தியார் பாடத்தைப் பற்றி எழுதாமல் துணி துவைக்கும் மெசினைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், பரவாயில்லை. நாற்பத்தைந்து வயது வரை தன் சட்டையைத் தானே துவைத்தறியாத மனிதன் நான் என்பதால், என் மனைவிதான் முதலில் சிரித்தார்.

எழுதக் காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் பள்ளி முடிந்து நான் வெளிவாசலைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் என்னிடம் ஆறாம் ஆண்டு படிக்கிறாள்.

“வாத்தியாரே, சீட்டு எடுத்திருக்கேன். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கையில இருக்கு. உங்க வீட்டுல கண்ணாடிக் கதவு போட்ட மெசின் இருக்குல்ல, அந்த மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு பாக்கிறேன். நல்லா இருக்குமா?”

ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. “நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வாங்கம்மா” என்று சொல்லி அனுப்பினேன். அவரிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

எங்கள் வீடு கீழ்ப்பேராக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. ஆசிரியருக்கென்று கட்டிய பழைய வீடு. பின்புறத்தில் குழாயடியும் ஒரு துவைகல்லும் உண்டு. அந்தக் கல் என் அம்மாவின் கல். நான் சிறுவனாக இருந்தபோது, 1980களின் கடைசியில், நாங்கள் இருந்த தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கு மின்சாரம் வரும், பத்து மணிக்குப் போய்விடும். அந்த நாளில் மெசினை யார் நினைத்தார்கள்? அம்மா மருந்து பம்பைத் தோளில் சுமந்து புல்லுக்கு மருந்தடித்துவிட்டு வருவார். வந்த கையோடு அந்த உடுப்பையும், அப்பாவின் பால்காட்டு உடுப்பையும், என் வெள்ளைப் பள்ளிச் சட்டையையும் ஒரே வாளியில் ஊறப்போடுவார். பிரித்துப் போடவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய விரல் நகங்கள் இன்றும் நெளிந்தும் வெடித்தும் இருக்கின்றன. அந்த நாளில் அடித்த பாராகுவாட் என்ற களைமருந்தை நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். நகம் போனது போனதுதான்.

2021இல் மழைக்காலத்தில், பாசி பிடித்த அந்தக் கல்லடியில் அம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே இடது கையால் துணி கசக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்த என் மனைவி, “ஏங்க, அத்தையைக் கல்லுகிட்ட இருந்து கூப்பிட முடியாது. கல்லுக்கு வேலை இல்லாம செஞ்சாத்தான் உண்டு” என்றார். அப்படித்தான் 2022இல் எங்கள் வீட்டுக்கு மெசின் வந்தது.

கடைக்குப் போனால் மூன்று வகை இருக்கும். இரண்டு தொட்டி உள்ள பழைய வகை. தண்ணீரை நாமே விட்டு, துணியை ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு நாமே மாற்றவேண்டும். அடுத்தது மேல்மூடி வகை. மூன்றாவது முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது. விற்பவர் இந்த மூன்றாவதன் பக்கமே நம்மை இழுப்பார். நான் இழுபட்டேன்.

அதன் குணத்தைச் சொல்லவேண்டும். மேல்மூடி மெசினில் துணி தண்ணீரில் மிதந்து சுழலும். வாளியில் கையை விட்டுக் கலக்குவது போல. முன்கதவு மெசினிலோ தொட்டி படுத்த நிலையில் உருளும். துணி மேலே ஏறி, கொஞ்சம் தண்ணீருக்குள் பொத்தென்று விழும்; மறுபடி ஏறும், மறுபடி விழும். அம்மா கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்துவிட்டு, “இது என் கல்லுதாண்டா. உள்ளுக்குப் போட்டு வச்சிருக்கான்” என்றார். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு அறிவியல் சொல்லித்தந்தவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அடித்துத் துவைப்பதால் தண்ணீர் குறைவாகப் போதும். ஏழெட்டு கிலோ மெசின் ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஐம்பது, அறுபது லிட்டர் எடுக்கும். மேல்மூடி வகை பெரும்பாலும் நூறு லிட்டரைத் தாண்டும். முன்கதவு மெசின் பலவற்றில் தண்ணீரைச் சுடவைக்கும் வசதியும் உண்டு. பிழியும் வேகம் அதிகம் என்பதால் துணி சீக்கிரம் காயும். குறை என்னவென்றால், ஒரு தடவை துவைக்க ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். கதவு பூட்டிக்கொண்ட பிறகு, மறந்த காலுறையை உள்ளே போட எல்லா மெசினும் இடம் கொடாது. சாதாரணச் சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டால் நுரை பொங்கித் தகராறு செய்யும். நுரை குறைந்த தூளைத்தான் போடவேண்டும். துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து, வாயைச் சுற்றியுள்ள ரப்பரைத் துடைக்காவிட்டால் பூசணம் பிடித்து நாறும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அந்தத் திறந்த கதவின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் முதல் நாள் நடந்த கூத்தைக் கேளுங்கள். லாரியில் கொண்டுவந்தவர்கள் இறக்கிவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மெசின் பிழியத் தொடங்கியதும் வீடே நடுங்கியது. மெசின் தானாக நடந்து அடுப்படி வாசல்வரை வந்துவிட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகுதான் கையேட்டைப் படித்தேன். வழியில் தொட்டி ஆடாமலிருக்க, மெசினின் முதுகுப்பக்கம் பெரிய போல்ட்டுகளை முறுக்கி அனுப்புகிறார்கள். அவற்றைக் கழற்றிய பிறகே ஓட்டவேண்டும். ஊருக்கெல்லாம் ‘படி, படி’ என்று சொல்லும் வாத்தியார், ஒரு பக்கம் படிக்காமல் பட்ட பாடு இது. கழற்றிய போல்ட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். வீடு மாறும்போது வேண்டும்.

அடுத்த தொல்லை தண்ணீர். மெசின் தண்ணீருக்குக் காத்திருந்து காத்திருந்து, ஏதோ எழுத்தைக் காட்டி நின்றுவிட்டது. எங்கள் தொட்டி கூரைமட்டத்தில், குழாய்வாயிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. பல மெசின்களுக்கு ஐந்து மீட்டர் உயரத்துத் தண்ணீரின் அழுத்தமாவது வேண்டும். சின்னப் பம்பு ஒன்று பொருத்தின பிறகே சரியாயிற்று. அந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தோட்டத்துத் தண்ணீரில் சேறும் துருவும் வேறு வரும். குழாய் மெசினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு வலை இருக்கிறது; அதை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன்.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டைப் பாருங்கள். பத்து லிட்டர் வாளி ஒன்றைக் குழாயடியில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்றேகால் நிமிடத்துக்குள் நிறைந்தால் நல்லது. தரை சிமெண்டா, பலகையா? பலகைத் தரையில் இந்த மெசின் ஆட்டம் போடும். சிமெண்டானாலும் மட்டமாக இருக்கவேண்டும். மெசின்மேல் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையை வைத்துப் பார்த்தாலே சாய்வு தெரிந்துவிடும். பழைய லயத்து வீடானால் மின்கம்பியை உரிமம் பெற்ற ஆளைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று முள் சொக்கட்டில் எர்த்துக் கம்பி உண்மையாகவே இருக்கிறதா என்பது முக்கியம். ஈரக் கையோடு தொடுகிற சாமான் இது.

கிலோக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். எட்டுக் கிலோ என்றால் காய்ந்த துணியின் எடை. அதிலும் துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாய் உள்ள மெசினில், துவைப்பது எட்டுக் கிலோவானால் உலர்த்துவது ஐந்து கிலோ அளவில்தான் இருக்கும். மிச்சத்தை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்தவேண்டும். இதை அட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இனி உலர்த்தும் மெசினுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம்.

2023 நவம்பரில், பிற்பகல் தவறாமல் மழை கொட்டியபோது, நாங்கள் அதையும் வாங்கினோம். மூன்று விதத்தில் விலை குறைந்ததை எடுத்தோம். சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகை. இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு தடவை போட்டால் ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம். ஹீட் பம்ப் என்று ஒரு வகை இருக்கிறது. குளிர்ப்பெட்டி இயங்கும் முறையைக் கொண்டு அதே சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் அதில் பாதிதான் ஆகும். ஆனால் விலை இரண்டு மூன்று மடங்கு.

என் தம்பி எங்களோடு இருக்கிறான். செம்பனை ஆலையில் வேலை. ஒரு நாள் அவனுடைய எண்ணெய் ஊறிய உடுப்புகளைப் பச்சைத் தண்ணீரில், அவசரமாக, குறுகிய நேரச் சலவையில் போட்டேன். எண்ணெய் முழுக்கப் போகவில்லை. அப்படியே உலர்த்தும் மெசினில் கொட்டினேன். நடுவில் நிறுத்தி, சூட்டோடு சூடாக அள்ளிக் கூடையில் குவித்துவிட்டுப் படுக்கப் போனேன்.

இரவு அம்மாதான் எழுப்பினார். “டேய் பெரியவனே, எந்திரி. துணிக்குக் காய்ச்சல் அடிக்குதுடா.”

தூக்கக் கலக்கத்தில் எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தவருக்குக் கருகல் நெடி அடித்திருக்கிறது. அந்த வெடித்த நகக் கையைக் கூடைக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார். மேலே வெதுவெதுப்பு, நடுவில் கைவைக்க முடியாத சூடு. கூடையை வாசலுக்கு இழுத்துப் போய்க் கொட்டினோம். நடுவிலிருந்த ஒரு காற்சட்டை பழுப்பேறிக் கருகியிருந்தது. கூடையை அடுத்து இருந்தது பிள்ளைகளின் படுக்கையறைக் கதவு.

எண்ணெய் ஒட்டிய துணி சூடாகக் குவிந்து கிடந்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து மேலும் சூடேறும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தீயே பிடிக்கும். யாரும் தீக்குச்சி கிழிக்கவேண்டியதில்லை. கடைசியில் சிறிது நேரம் குளிர்காற்றில் சுழல விடுவதே இதற்காகத்தான். நான் நடுவில் நிறுத்தியது அதைத்தான். இதுவும் கையேட்டில் இருந்தது. ஆலை வேலை, இயந்திரம் பழுது பார்க்கும் வேலை, சாப்பாட்டுக் கடை வேலை செய்பவர்கள் உள்ள வீட்டுக்காரர்களே, எண்ணெய்த் துணியைச் சுடுதண்ணீரில், கொஞ்சம் கொஞ்சமாகத் துவையுங்கள், கொடியில் காயப்போடுங்கள். பால் வெட்டப் போகிறவர்களின் உடுப்பில் ரப்பர் படிந்திருந்தால் அதையும் உலர்த்தும் மெசினில் போடவேண்டாம். போடத்தக்க துணியைப் போடும்போதும், பஞ்சு சேரும் வலையை ஒவ்வொரு தடவையும் வழித்தெடுங்கள்.

இப்போது அந்த மெசினைப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு மட்டும், அதுவும் அடைமழையில் மட்டும் போடுகிறோம். தம்பியின் உடுப்புக்குத் தகரக் கூரைக்கு அடியில் தனிக் கொடி கட்டியிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மாள் வந்தார். எல்லாவற்றையும் சொல்லி, வாளியும் கடிகாரமுமாக அவர் லயத்துக்குப் போனேன். வாளி நிறைய நான்கு நிமிடம் ஆனது. பின்கட்டுத் தரையோ பலகை. “உங்க வீட்டுக்கு இரண்டு தொட்டி மெசின்தான்மா சரிப்படும். தண்ணியை டிரம்மில பிடிச்சு வச்சு ஊத்திக்கலாம்” என்றேன். அவர் முகம் வாடியது. அவருடைய மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துகொண்டாள்.

எந்த மெசின் வாங்கினாலும், மருந்தடிக்கும் உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்கவே கூடாது, கையுறை போட்டுத் தனியாக எடுத்து, தனியாக இரண்டு தடவை துவைத்து, பிறகு வெறும் மெசினை ஒருமுறை தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவவேண்டும் என்று சொன்னபோது, அவர் தன் விரல்களைப் பார்த்தார். என் அம்மாவும் கூட வந்திருந்தார். அம்மா தன் கையை நீட்டிக் காட்டினாரே தவிர, ஒன்றும் பேசவில்லை.

அறுநூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு மெசின் வாங்கிவிட்டார். மிச்சத்தை மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் செலவுக்கு வைத்திருக்கிறார். கண்ணாடிக் கதவு ஆசை மட்டும் விடவில்லை. போர்வையும் திரைச்சீலையும் சேர்ந்தால், டவுனில் காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைக்குக் கொண்டுபோகிறார். அங்கே இருப்பதெல்லாம் முன்கதவு மெசின்தான். போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போன நான் எட்டிப் பார்த்தேன். தாயும் மகளும் நாற்காலியில் உட்கார்ந்து கச்சான் கொறித்தபடி, போர்வை ஏறி ஏறி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சார், இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்கு” என்றாள் மகள்.