மூன்றாம் கட்டு

சென்ற காணும் பொங்கலன்று நாங்கள் நால்வர் மதுரையிலிருந்து காரில் புறப்பட்டு ஆத்தங்குடிக்குப் போய்வந்தோம். மாதத்தில் ஒருநாள் புத்தகம் பேசக் கூடுகிற கூட்டம் எங்களுடையது. வீடு பார்க்கப் போவது இதுவே முதல்முறை. இலக்கியப் பேச்செல்லாம் மேலூர் வருவதற்குள் தீர்ந்துபோயிற்று. திருப்பத்தூரில் தேநீர் குடித்துவிட்டு வண்டியில் ஏறியதும், இந்தப் பயணத்துக்கு எங்களைக் கிளப்பிய நண்பர் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய தாத்தா ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்களின் கிட்டங்கி ஒன்றில் சமையற்காரராக இருந்தவர். எந்த முதலாளி, எந்த ஊர்க்காரர் என்பது குடும்பத்தில் இன்று யாருக்கும் தெரியாது. ஆகவே, ஏதாவது ஒரு செட்டிநாட்டு வீட்டின் அடுப்படியைப் பார்த்தால் போதும் என்றார்.

பதினைந்து ஆண்டுகளாகப் பழகுகிறோம். பர்மா நாவல்களைப் பற்றி எத்தனையோ மாலைகள் பேசியிருக்கிறோம். இவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. எங்களுக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது.

கிட்டங்கி என்றால் வெறும் சரக்கறை அல்ல. ஒரே கட்டடத்தில் பல வட்டிக்கடைகள் ஆளுக்கொரு பெட்டியும் கணக்குப்பிள்ளை மேசையுமாக நடந்த இடம் அது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கடுக்காக ஆட்கள் அங்கேயே உண்டு உறங்கினார்கள். மூன்றாண்டுத் தவணையில் ஊரைவிட்டுப் போனவர்கள் குடும்பத்தை உடன் கொண்டுசெல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஊர்ச் சமையல் ஒன்றுதான் அவர்களுக்கு வாய்த்த வீடு. அதற்காகவே இங்கிருந்து சமையலாட்களும் கப்பலேறினார்கள்.

நாங்கள் பார்த்த வீடு ஆத்தங்குடியில் பார்வையாளருக்கென்று திறந்துவிடப்படுவது. சிறு கட்டணம் உண்டு. ஊரார் அரண்மனை என்றே சொல்கிறார்கள். முகப்பில் நுழைந்ததும் எங்கள் பேச்சு நின்றுவிட்டது. முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் இன்னும் பளிங்குபோல் குளிர்ந்திருக்கிறது. கன்னத்தை வைத்துப் பார்த்தோம், நான்கு பேருமே. கீழே ஆத்தங்குடிக் கற்கள். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பது, சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வந்து சேர்கிறது. தலைக்கு மேலே பர்மாத் தேக்கு. வளவில் நின்று அண்ணாந்து பார்த்தால் நாற்புறமும் ஓட்டுச் சரிவு, நடுவே சதுரமாக வானம். சுற்றிலும் இரட்டை வீடுகள், அதாவது உள்ளும் வெளியுமாக இரண்டிரண்டு அறைகள். மணமான மகன் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளிக்கொரு இரட்டை வீடு, தனிச் சமையல், தனிக் கணக்கு. கூட்டுக்குடும்பம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே கூரையின்கீழ் தனித்தனி வரவு செலவு நடத்திய இவர்களுக்கு அந்தச் சொல் சரிதானா என்று எங்களுக்குள் சிறு சர்ச்சை நடந்தது. முடிவு எட்டப்படவில்லை.

பெரிய சர்ச்சை பட்டாலையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. இத்தகைய வீடுகள் பங்காளிகளிடையே பல பங்காகி, ஒருவர் இசைந்தால் இன்னொருவர் இசையாமல், பழுதுபார்க்க ஆளின்றி இடிகின்றனவே என்று எங்களில் ஒருவர் வருந்தினார். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதை நினைவூட்டினார். இன்னொருவர் குரலை உயர்த்தினார். கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு; 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து. அந்த உழவனின் நிலம்தான் இங்கே தூணாக நிற்கிறது என்றார். எண்கள் சரியானவைதாம். ஆனால் 1930இன் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்து, கடன் திரும்பாமல், ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது என்பதும், வட்டிக்கடைக்காரனுக்கு வேண்டியிருந்தது பணமேயன்றிச் சேறல்ல என்பதும் அதே வரலாற்றின் பகுதிகள். 1948இல் பர்மிய அரசு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் போயிற்று, தூண் நின்றது. இதில் யார் பக்கம் நிற்பது என்று எங்களால் தீர்மானிக்க முடியவில்லை. சமையற்காரரின் பேரன் வாயே திறக்கவில்லை.

இரண்டாம் கட்டுக்கு அப்பால் கயிறு கட்டியிருந்தார்கள். பார்வையாளர் அதைத் தாண்டக் கூடாது. நண்பர் காவலுக்கிருந்த முதியவரிடம் போய், "அய்யா, அடுப்படியை ஒருதடவை பாத்துக்கிறலாமா?" என்று கேட்டார்.

"அங்க என்ன தம்பி இருக்கு பாக்க? வர்றவுக எல்லாம் தூணைத்தான் படம் எடுப்பாக."

"எங்க தாத்தா ரங்கூன்ல செட்டியார் கடையில சமையலுக்கு இருந்தவருங்கய்யா."

முதியவர் சற்றுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

மூன்றாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் இல்லை. வெண்கருப் பூச்சு இல்லை. புகையேறிக் கறுத்த சுவர், வரிசையாகக் கொடியடுப்புகள், குழவியில்லாத ஒரு ஆட்டுக்கல். ஓட்டில் ஒரு கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியே விழுந்த வெளிச்சத்தில் தூசி நின்றது. பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது. அடுப்படியில் வேலைசெய்தவர்களுக்கு அதுதான் வாசல் என்றார் முதியவர். முகப்பிலிருந்து அங்கே வந்து சேர நாங்கள் ஒரு தெருவின் அகலத்தையே நடந்திருந்தோம்.

நண்பர் அடுப்பு மேடையில் கைவைத்தபடி பேசினார். 1942இல் ஜப்பானியர் வந்தபோது கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர் நான்கைந்து லட்சம் பேர். மலையும் காடுமாக நடந்தவர்களில் பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தார்கள். தாத்தா வந்து சேர்ந்தார். வந்தவர் அதன்பிறகு வீட்டு அடுப்படிக்குள் காலெடுத்து வைத்ததேயில்லை. வெந்நீர் வேண்டுமென்றாலும் திண்ணையிலிருந்தே கேட்பாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. "கேட்டிருக்கலாம்" என்றார் நண்பர். வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். இடிந்த வீடுகள் அங்கே உதிரியாகக் கிடக்கின்றன. நிலைகள், சன்னல் கம்பிகள், எனாமல் தூக்குகள், பர்மிய அரக்குப் பெட்டிகள், பெயர் தெரியாத கல்யாணப் படங்கள். பட்டாலையில் குரலை உயர்த்தியவர் ஒரு தேக்குப் போதிகையின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, விலை கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும்தான். வாங்காமல் போகவும் அவருக்கு மனமில்லை.

அந்தப் போதிகை இப்போது நாங்கள் கூடும் அறையில் புத்தகங்கள் சரியாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. கடையில் விலை பேசிக் குறைத்தவர் சமையற்காரரின் பேரன்.