ஊவா மலையில் துவிச்சக்கர வண்டி

மலைநாட்டில் வாழ்வோருக்குச் சமதளம் என்பது அரிய பொருள். பதுளையில் வீட்டு வாசலை விட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், அன்றேல் இறக்கம். யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கர வண்டி ஒரு குடும்ப உறுப்பினர் போன்றது. பள்ளிக்கும் சந்தைக்கும் கோயில் திருவிழாவுக்கும் அதுவே வாகனம். ஊவாவிலோ அந்த வழக்கம் வேரூன்றவில்லை. மலை விடவில்லை என்பதே காரணம். ஏற்றத்தில் வண்டி மனிதனைச் சுமப்பதற்குப் பதிலாக மனிதன் வண்டியைத் தள்ளிச் செல்ல நேர்ந்தது.

இன்று அந்நிலை மாறி வருகிறது. பல பற்சக்கரங்கள் பூண்ட மலைச் சைக்கிள்கள் நம் தெருக்களிலும் தென்படுகின்றன. ஏற்றத்தைக் கண்டு அஞ்சாமல், அதை விரும்பியே தேடிச் செல்லும் இளைஞரையும் காண்கிறோம். ‘பஸ் இருக்க, இது என்ன வீண் வேலை?’ என்று கேட்போர்க்கு விடையளிக்க, முதலில் அந்த வண்டியின் நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும்.

பழைய துவிச்சக்கர வண்டியில் மிதி ஒரு சுற்றுச் சுற்றினால், வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடும். மலைச் சைக்கிளில் முன்னே 22 பற்களுள்ள சிறு சக்கரத்தையும் பின்னே 34 பற்களுள்ள பெரிய சக்கரத்தையும் பூட்டினால், அதே ஒரு சுற்றுக்கு வண்டி ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகவே நகரும். தூரம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. காலுக்கு வேண்டிய பலமும் அவ்வளவுக்குக் குறைகிறது. மொத்த வேலையில் இயற்கை ஒரு சதமும் தள்ளுபடி செய்வதில்லை. ஆயினும் ஒரே தவணையில் கட்ட இயலாத கடனைச் சிறு சிறு தவணைகளாகக் கட்ட இடம் தருகிறது. கியர் என்பதன் தத்துவம் இவ்வளவே.

இந்தச் சலுகையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 1910 ஆம் ஆண்டிலேயே பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களில் நுழைந்தது. ஆனால், ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கியர் பொறிக்கு 1937 இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. பின்னர் 1970களில் கலிபோர்னியாவின் தமல்பைஸ் மலையில் சில இளைஞர்கள் பழைய தடித்த சைக்கிள்களில் மண்பாதை வழியே கீழ்நோக்கிப் பாய்ந்து விளையாடினர். இறங்கிய வண்டியை மீண்டும் ஏற்றும் தேவைதான் அவற்றுக்குக் கியர் பூட்டத் தூண்டியது. அந்த விளையாட்டு வளர்ந்து, 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம் பெற்றது.

இனி நம் மலைக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து பதுளை ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 4,000 அடி. ஹப்புத்தளை 4,700 அடி. ஹாலிஎல, பண்டாரவளை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் செல்வோர் 2,500 அடி உயர்ந்து விடுகின்றனர். காலையில் வியர்க்க வியர்க்கப் புறப்பட்டவன் மாலையில் கம்பளிச் சட்டையைத் தேடுவான்.

வழியில் தெமோதரையிலே சற்று நின்று, மலையேறுவது எப்படி என்ற பாடத்தைப் புகையிரதப் பாதையிடம் கற்றுக்கொள்ளலாம். 1924 இல் பதுளையை எட்டிய இப்பாதையின் மிகுந்த சரிவே 44 அடிக்கு ஓர் அடிதான். அதற்கு மேல் செங்குத்தாக ஏற இயந்திரத்துக்கு இயலாது. எனவே தெமோதரையில் பாதை மலையை ஒரு முறை வளைந்து சுற்றி, தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகப் புகுந்து வெளிப்படுகிறது. வழி தோன்றாது திகைத்த பொறியியலாளர் ஒருவர், தோட்டத்துக் கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இந்த உபாயத்தைக் கண்டார் என்று ஊரிலே கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, கருத்து மெய்யே. நேரே ஏற முடியாத இடத்தில் சுற்றி ஏறுவது தோல்வியாகாது.

ஏற்றத்தின் முழுச் சுவையையும் அறிய விரும்புவோர் ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குச் செல்ல வேண்டும். பத்துக் கிலோமீட்டர் தொலைவில், 1890 இல் சேர் தோமஸ் லிப்டன் கட்டுவித்த தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால், அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் ‘லிப்டன் சீட்’ என்னும் முனையை அடையலாம். விடியுமுன் புறப்படுவது நலம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழுந்து, மலையுச்சியை மூடிவிடும்.

முதல் இரண்டு வளைவுகளில் மூச்சு முட்டும், ‘ஏன் வந்தோம்?’ என்று மனம் முணுமுணுக்கும். பின்னர் மூச்சும் மிதியும் ஒரு தாளத்தில் இணையும். அதன்பின் உச்சி எங்கே என்ற எண்ணம் மறைந்து, அடுத்த வளைவு மட்டுமே கண்ணில் நிற்கும். மோட்டார் வண்டியில் செல்பவனுக்குப் பச்சைக் கம்பளம் போல் ஒன்றாய்த் தோன்றும் மலையைச் சைக்கிளில் செல்பவன் செடி செடியாகக் காண்கிறான். கவ்வாத்து வெட்டிய மலை வேறு, கொழுந்து துளிர்த்த மலை வேறு என்று பிரித்தறிகிறான். தொழிற்சாலையிலிருந்து வரும் பச்சைத் தேயிலை மணம் அவனுக்கே உரியது.

ஒரு முறை அப்பாதையில் நான் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, கொழுந்துக் கூடையுடன் எதிரே வந்த முதிய அம்மா ஒருவர் நின்று, “ஏன் சேர், மேல போக த்ரீவீல் கெடைக்குமே! எதுக்கு இப்படிச் சிரமப்படுறீங்க?” என்றார்.

“ஆசைக்காகத்தான் ஏறுகிறேன், அம்மா” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்க ஆசைக்கு ஏறுறீங்க, நாங்க பேருக்கு ஏறுறோம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தோட்டத்து வழக்கை அறியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: அங்கே ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்குரிய பதிவு. நிறை குறைந்தால் அரைப் பேர். நாம் ஞாயிறுதோறும் விரும்பி ஏறும் மேட்டில், அவர்கள் நாள்தோறும் சுமையுடன் ஏறுகின்றனர்; அதுவும் பாதையில் அன்று, செடிகளுக்கிடையே உள்ள சரிவில். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காடு கடந்து நடந்தே வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய வரலாற்றையும் மாணவர்கள் அறிவர். உச்சியில் நின்று தெற்கே தாழும் சரிவுகளைப் பார்க்கும்போது, 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடிய துயரமும் நினைவில் எழாமல் இராது. அழகிய மலை எல்லார்க்கும் ஒரே முகத்தைக் காட்டுவதில்லை.

அப்படியானால் நம் உல்லாசம் குற்றமாகுமா? ஆகாது என்பதே என் எண்ணம். உழைப்பின் அருமை, உழைத்துப் பார்த்தவனுக்கே விளங்கும். ஒரு கணக்குப் பாருங்கள். வண்டியோடு 80 கிலோ எடையுள்ள ஒருவர் 300 மீட்டர் உயரம் ஏறுவதற்கு, உடலில் ஏறத்தாழ 225 கலோரி செலவாகும். இரண்டு வாழைப்பழம் ஈடு செய்துவிடும். அவ்வளவு ஏற்றமே நம்மைத் திணற வைக்கிறதென்றால், நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்தெடுப்போரின் உழைப்பு எத்தகையது? வண்டியை ஓரமாக நிறுத்தி, கூடையோடு வருவோர்க்கு வழி விடும் பண்பு தானே வந்துவிடும். தேநீர்க் கோப்பையை ஏந்தும்போதும் அந்த ஏற்றம் நினைவுக்கு வரும்.

இளைஞர்க்குச் சில குறிப்புகள். ஏற்றம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாறிவிடுங்கள். பாரம் ஏறிய பின் மாற்றினால் சங்கிலி அறும். தொடக்கத்தில் விரைந்தவன் நடுவழியில் தள்ளுவான்; பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகமே சரியான வேகம். தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் பருகுங்கள். இறக்கத்தில் பிரேக்கை ஓயாது அழுத்தினால் சக்கர விளிம்பு கொதிக்கும். விட்டு விட்டு அழுத்துக. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் மழைக்காலம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் வண்டி வீட்டிலேயே இருக்கட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை உலர்ந்த கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் புகழ் தரும் நறுமணம் அக்காற்றில் விளைவதே. பாதை காய்ந்திருக்கும் அப்பருவம் நமக்கும் ஏற்றது. ஆனால் எதிர்க்காற்று இன்னொரு மலை என்பதை மறக்கலாகாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை மலையேற விரும்பினால், ‘படிப்பு கெடும்’ என்று தடுக்காதீர்கள். கடினமான கணக்கையும் கடினமான ஏற்றத்தையும் வெல்லும் குணம் ஒன்றே: கைவிடாமல் அடுத்த அடியை வைப்பது. வகுப்பறையில் நாங்கள் பல நாள் பேசிப் புகட்ட முயலும் அக்குணத்தை, நமுனுகுலை மலைச்சாரலில் ஏதேனும் ஒரு மேடு ஒரு காலைப் பொழுதில் கற்பித்துவிடும்.